வீலர் சொன்ன கதை

1

டார்செஸ்டர் தெற்கு ரயில் நிலையத்தில் இறங்கும்போது மணி பதினொன்று. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். நானும் என் அறை நண்பனும் வந்திருந்தோம். அவனுக்கு மலையேற்றம் பிடிக்கும், வரலாறு பிடிக்காது. எனக்கு நேர்மாறு. அதனால் இருவருக்கும் ஒத்துவரும் இடமாக ஒரு பழைய குன்றுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

ஊரின் தென்மேற்கில் சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மெய்டன் காஸில். வீடுகள் முடிந்து, புறவழிச்சாலையைக் கடந்ததும் வயல்களுக்கு நடுவே பாதை நேராகப் போகிறது. சற்று நேரத்தில் எதிரே குன்று தெரிந்தது. "இதுவாடா கோட்டை? கல்லே இல்லையே மச்சான்" என்றான் நண்பன். அவன் மனதில் இருந்தது செஞ்சி. எனக்கும் முதலில் ஏமாற்றம்தான். எதிரே இருந்தது பச்சைப் புல் போர்த்திய ஒரு மேடு. அதன் பக்கவாட்டில் யாரோ பெரிய சீப்பால் இழுத்துவிட்டதுபோல வரி வரியாக மடிப்புகள். மேலே செம்மறி ஆடுகள்.

கிட்டப் போனபிறகுதான் அந்த மடிப்புகளின் அளவு புரிந்தது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு மண்மதில், அதன் காலடியில் ஓர் அகழி, அதைத் தாண்டி இன்னொரு மதில். முதல் அகழிக்குள் இறங்கி நின்றபோது வெளியுலகம் மறைந்துவிட்டது. காற்றுச் சத்தம்கூட நின்றுபோயிற்று. எதிரில் இருந்த சரிவில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை, கையை ஊன்றித்தான் ஏறினோம். (பாதை இல்லாத இடத்தில் இப்படி ஏறக்கூடாது, மண் சரியும் என்று பிறகு அறிவிப்புப் பலகையில் படித்துத் தலைகுனிந்தோம்.) மழையும் ஆடுகளும் இரண்டாயிரம் வருடமாகத் தேய்த்த பிறகே இந்த உயரம். கட்டியபோது இதில் புல் கிடையாது. இந்த நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. புதிதாக வெட்டிக் குவித்த சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். சமவெளியில் நடந்துவரும் ஒருவனுக்குப் பல மைல் தூரத்திலிருந்தே இந்தக் குன்று வெள்ளையாக ஒளிவீசித் தெரிந்திருக்கும்.

மேற்கு வாசல் வழியாக உள்ளே போனோம். வாசல் என்றால் நேரான வழி அல்ல. மதில்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்க, பாதை வளைந்து வளைந்து போகிறது. எந்த இடத்தில் நின்றாலும் தலைக்கு மேலே ஒரு மதில் இருக்கிறது. அங்கே கவண் வைத்திருப்பவன் நின்றால் கீழே நிற்பவனுக்கு வேலை முடிந்தது. கிழக்கு வாசல் அருகே கவண்கற்கள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன, இருபதாயிரத்துக்கும் மேல். தெற்கே கடலோரத்தில் உள்ள செசில் கடற்கரையின் உருண்ட கூழாங்கற்கள். ஒரே எடையில், ஒரே அளவில் பொறுக்கிச் சுமந்துவந்து குவித்திருக்கிறார்கள்.

மேலே ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. கோட்டைக்குள் இருக்கும் நிலம் சுமார் 19 ஹெக்டேர், நம் கணக்கில் 47 ஏக்கர். இப்போது அது வெறும் புல்வெளி.

2

இந்தக் குன்றின் கதை கெல்ட்டுகளிடம் தொடங்கவில்லை. கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டிலேயே புதிய கற்கால மக்கள் இதன் கிழக்குப் பகுதியைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறார்கள். பிறகு 546 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்மேட்டை எழுப்பினார்கள். எதற்கு என்பது உறுதியாகத் தெரியாத, நீளமான, ஒடுக்கமான மேடு. அதன்பின் நெடுங்காலம் பெரிய குடியிருப்பு எதுவும் இங்கே இல்லை. கி.மு. 600 வாக்கில் இரும்புக்கால மக்கள் வந்து, கிழக்குப் பகுதியில் ஆறரை ஹெக்டேர் அளவுக்கு ஒற்றை மதிலுடன் கோட்டை கட்டினார்கள். கி.மு. 450 வாக்கில் அது மேற்கே விரிந்து மூன்று மடங்கானது. மதில்கள் ஒன்று பலவாயின. உள்ளே வட்டக் குடிசைகள் வரிசையாக வந்தன.

என்னை அதிகம் கவர்ந்தது தானியக் குழிகள். சுண்ணாம்புப் பாறையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். ஓரத்தில் இருக்கும் தானியம் முளைவிட்டு, உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை நிரப்பும். அதோடு முளைப்பதும் நிற்கும், பூச்சியும் பூஞ்சையும் வளராது. பீட்டர் ரேனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் பட்சர் என்ற இடத்தில் இரும்புக்காலப் பண்ணை ஒன்றையே உருவாக்கி இதைச் செய்து பார்த்தார். குளிர்காலம் முழுக்கத் தானியம் கெடாமல் இருந்தது. நம்மூர்க் குதிரும் களஞ்சியமும் நினைவுக்கு வந்தன. நண்பனிடம் சொன்னேன். "எங்க ஆயா வீட்டுல பத்தாயம்னு சொல்வாங்க" என்றான். வரலாறு பிடிக்காதவனுக்கும் சாப்பாட்டின் வரலாறு பிடிக்கிறது.

இந்த மக்களை டூரோட்ரிகஸ் என்று ரோமானியர் அழைத்தார்கள். அவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவர்கள் எழுதிய ஒரு வரிகூட இல்லை. 'கெல்ட்' என்ற பெயரும் பின்னால் வந்ததுதான். சீசரும் மற்ற பழைய எழுத்தாளர்களும் ஐரோப்பிய நிலப்பரப்பில் இருந்தவர்களைக் கெல்ட்டுகள் என்றார்கள், பிரிட்டன் தீவில் இருந்தவர்களை அப்படி அழைக்கவில்லை. 1707-இல் எட்வர்ட் லூயிட் என்ற அறிஞர் வெல்ஷ், ஐரிஷ், கார்னிஷ், பிரெத்தோன் மொழிகளை ஒப்பிட்டு அவை ஒரு குடும்பம் என்று காட்டினார். அந்தக் குடும்பத்துக்குக் கெல்டிக் என்ற பெயர் நிலைத்தது. மொழியின் பெயர் மெல்ல மக்களின் பெயராயிற்று. 1816-இல் எல்லிஸும் 1856-இல் கால்டுவெல்லும் தென்னிந்திய மொழிகளுக்குச் செய்ததையும், 'திராவிட' என்ற சொல் அதன்பின் போன தூரத்தையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல. மொழிக் குடும்பத்துக்கு வைத்த பெயர் ஒரு நாள் இனத்தின் பெயராகிவிடும்.

'மெய்டன்' என்றால் ஆங்கிலத்தில் கன்னி. கன்னிக் கோட்டை, யாரும் கைப்பற்றாத கோட்டை என்று ஒரு விளக்கம் உண்டு. பெரிய குன்று என்று பொருள்படும் பழைய பிரிட்டானியச் சொல்லின் திரிபு என்பது பொதுவாகச் சொல்லப்படும் இன்னொரு விளக்கம். இந்த ஊர்க்காரரான தாமஸ் ஹார்டி 1885-இல் இந்தக் கோட்டையை வைத்து ஒரு கதை எழுதினார். இரவில், புயல் மழையில், அனுமதி இல்லாமல் ஒருவர் கோட்டையைத் தோண்டிப் பார்க்கும் கதை. கோட்டையைத் தோண்டுகிறவர்களைப் பற்றிச் சந்தேகப்பட்ட முதல் ஆள் ஹார்டிதான் போலும்.

3

ஐம்பது வருடம் கழித்து வந்தவர் பகலில், முறையான அனுமதியோடு, ஊரையே கூட்டிவைத்துத் தோண்டினார். மார்ட்டிமர் வீலர்.

கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நண்பன் நின்றுவிட்டான்.

"மச்சான், இது அரிக்கமேடு வீலரா?"

அவன் சொந்த ஊர் அரியாங்குப்பம். பாண்டிச்சேரிக்குத் தெற்கே. பள்ளிக்கூடம் போகாத நாட்களில் அரிக்கமேட்டில்தான் விளையாட்டு. மழை பெய்து ஓய்ந்தால் மண்ணில் சின்னச் சின்ன மணிகள் மேலே வந்து கிடக்குமாம். நீலம், சிவப்பு. பொறுக்கிவந்து அம்மாவிடம் கொடுப்பானாம். வீலர் என்ற பெயரை அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"ஆமா, அதே ஆள்தான்" என்றேன்.

நான் இங்கே வர விரும்பியதற்கு அதுவே காரணம்.

வீலர் 1890-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரி, பாஷென்டேல் சேற்றில் சண்டையிட்டவர். 1934 முதல் 1937 வரை நான்கு கோடைகள் மெய்டன் காஸிலில் அகழ்ந்தார். கூடவே அவர் மனைவி டெஸ்ஸா வெர்னி வீலர். களத்தை நடத்தியதில் பெரும்பங்கு டெஸ்ஸாவுடையது. மாணவர்களைப் பயிற்றுவிப்பதும் அவர் பொறுப்பு. 1936 ஏப்ரலில், 43 வயதில், அவர் இறந்துபோனார். அந்தக் கோடையிலும் அகழாய்வு நிற்கவில்லை.

இன்று கீழடிப் படங்களில் பார்க்கிறோமே, சதுரம் சதுரமான குழிகள், நடுவே வெட்டாமல் விட்ட மண்சுவர், அந்தச் சுவரில் அடுக்கடுக்காகத் தெரியும் மண் நிறங்கள், அதற்கு ஒட்டிய எண் சீட்டுகள். அந்த முறையை வீலர் முழுமையாக்கிய களங்களில் முக்கியமானது இந்தக் குன்று. எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதே அவருக்கு முக்கியம். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது, நடுவே யாராவது குழி தோண்டியிருந்தால் கணக்கு மாறும். மென்பொருள்காரனுக்கு இது சட்டென்று புரியும். மண்ணே ஒரு பதிவேடு.

இன்னொரு விஷயத்திலும் அவர் முன்னோடி. பொதுமக்களை உள்ளே விட்டார். வந்தவர்களுக்கு அகழாய்வைச் சுற்றிக்காட்ட ஆள் வைத்தார். அஞ்சலட்டைகள் விற்றார். கவண்கற்களைக்கூட விற்றார். பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்துக்கொண்டே இருந்தார். தொல்லியலுக்குப் பணம் வேண்டும், பணம் வர மக்களுக்குக் கதை வேண்டும் என்று தெரிந்தவர். 1950களில் தொலைக்காட்சி வந்தபோது அவர் நாடறிந்த நட்சத்திரம் ஆனதில் ஆச்சரியம் இல்லை.

கதை கிழக்கு வாசலில் கிடைத்தது. அங்கே ஒரு இடுகாட்டை அவர் தோண்டினார். எலும்புக்கூடுகளில் பதினான்கில் கொடூரமான காயங்கள் இருந்தன. மண்டையில் வாள் வெட்டுகள். ஒருவனுடைய முதுகெலும்பில் இரும்பு முனை ஒன்று குத்தி அப்படியே நின்றிருந்தது. பக்கத்தில் எரிந்த சாம்பல் படலம்.

வீலருக்கு ஒரு புத்தகச் செய்தி முன்பே தெரியும். கி.பி. 43-இல் ரோமானியர் பிரிட்டன்மீது படையெடுத்தார்கள். பிற்காலத்தில் பேரரசராகப்போகும் வெஸ்பாசியன் இரண்டாம் லீஜியனுடன் தென்மேற்கே வந்து இருபதுக்கும் மேற்பட்ட கோட்டைகளைப் பிடித்தார் என்று சுவேடோனியஸ் எழுதியிருக்கிறார். எந்தக் கோட்டைகள் என்று பெயர் சொல்லவில்லை. வீலர் இரண்டையும் இணைத்தார். ரோமப் படை கிழக்கு வாசலுக்கு வருகிறது. அம்பு எறியும் எந்திரங்கள் முழங்குகின்றன. வாசலருகே குடிசைகள் எரிகின்றன. புகைக்குள் புகுந்த வீரர்கள் ஆண் பெண் பார்க்காமல் வெட்டுகிறார்கள். இருட்டியதும் தப்பிப் பிழைத்தவர்கள் வந்து, சூடு ஆறாத சாம்பலில் அவசரமாகக் குழி தோண்டி, உறவினர்களைப் புதைத்து, கூடவே கடைசிச் சோறாக ஒரு கிண்ணத்தையும் இறைச்சித் துண்டையும் வைக்கிறார்கள். முதுகெலும்பில் இருந்தது ரோமானிய எந்திரம் எய்த அம்பு. அது போர்க்கள இடுகாடு.

1943-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தபோது அவர் இரண்டாம் உலகப் போரில் இருந்தார். கடலைத் தாண்டி ஓர் எந்திரப் படை வருவதும் ஊர்கள் எரிவதும் அன்றைய பிரிட்டிஷ் வாசகனுக்குப் பழங்கதை அல்ல. அறிக்கையின் அந்தப் பகுதியை இன்று படித்தாலும் மயிர்க்கூச்செறியும். பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கதையைப் படித்தார்கள்.

4

அடுத்த வருடம், 1944-இல், வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். வந்த சில மாதங்களில் சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டிலிருந்து வந்திருந்த ஒரு ஜாடித் துண்டைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயின் ஊற்றிவைக்கும் ஆம்ஃபோரா. உடனே பாண்டிச்சேரிக்குப் போனார். அப்போது அது பிரெஞ்சுக்காரர்கள் கையில். அங்கே ழூவோ-துப்ரேய் போன்றவர்கள் 1930களிலேயே அரிக்கமேட்டின் முக்கியத்துவத்தைக் கண்டிருந்தார்கள். அகஸ்டஸின் தலை செதுக்கிய மணிக்கல் ஒன்றும் கிடைத்திருந்தது. 1945-இல் வீலர் அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ பாணியில் செய்த சிவப்பு மண்பாண்டங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரிந்தது, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி. அதே அடுக்கில் உள்ளூர்ப் பானைகளும், தமிழ் பிராமி எழுத்துக் கீறிய ஓடுகளும் இருந்தன. ஒன்றுக்குக் காலம் தெரிந்தால் மற்றதற்கும் தெரியும். தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதல் உறுதியான காலக்கணக்கு அப்படித்தான் கிடைத்தது. இதற்காக நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் இங்கேயும் கதை முந்திக்கொண்டது. அரிக்கமேட்டை அவர் ரோம வணிகத்தால் உருவான நிலையமாகப் பார்த்தார். உள்ளே சக்கரக் கோடுகள் போட்ட கருஞ்சாம்பல் தட்டுகளும் மேற்கிலிருந்து வந்தவை என்று நினைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு, ரோம வணிகத்துக்கு முன்பே அங்கே ஊர் இருந்ததையும், வணிகம் அதன்பின்னும் நெடுங்காலம் தொடர்ந்ததையும் காட்டியது. அந்தத் தட்டுகளும் இந்தியாவிலேயே செய்தவை என்று தெரிந்தது. ஏற்கெனவே இருந்த ஊருக்குத்தான் ரோமானியக் கப்பல் சரக்கு வந்திருக்கிறது.

இதுகூடப் பெரிய விஷயம் இல்லை. பெரியது 1946-இல் நடந்தது.

அந்த வருடம் வீலர் ஹரப்பாவுக்குப் போனார். அங்கே மாபெரும் செங்கல் மதில் ஒன்றை அடையாளம் கண்டார். கோட்டைகளைத் தோண்டிவிட்டு வந்தவர் கண்ணுக்குக் கோட்டை தெரிந்தது. ரிக் வேதத்தில் இந்திரனுக்குப் 'புரந்தரன்' என்று ஒரு பெயர் உண்டு, கோட்டைகளை உடைப்பவன். எந்தக் கோட்டைகள் என்று அதுவரை தெரியாமல் இருந்தது. இதோ, கோட்டை கிடைத்துவிட்டது. மொகஞ்சதாரோவின் மேல் அடுக்குகளில் தெருவிலும் அறைகளிலும் படிக்கட்டிலும் கிடந்த எலும்புக்கூடுகள் 1920களிலும் அதற்குப் பிறகும் கிடைத்திருந்தன, சுமார் முப்பத்தேழு பேர். அவர்கள் கடைசி நாளில் வெட்டிக் கொல்லப்பட்ட நகரவாசிகள், கொன்றது படையெடுத்து வந்த ஆரியர் என்றார். 1947-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்திரனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்.

கவனித்துப் பாருங்கள். மதில் உள்ள ஊர், எலும்புக்கூடுகள், புத்தகத்தில் ஒரு படையெடுப்பு, கடைசி நாள் படுகொலை. மெய்டன் காஸிலின் கதையேதான். வெஸ்பாசியன் இருந்த இடத்தில் இந்திரன்.

இதில் ஒரு கொடுமையான முரணும் உண்டு. மொகஞ்சதாரோவை முன்பு தோண்டியவர்கள் மண் அடுக்கைப் பார்க்காமல், ஒரு மட்டத்திலிருந்து இத்தனை அடி ஆழம் என்று அளந்து தோண்டியவர்கள். அந்த முறையை வீலரைப்போலக் கிழித்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்த முறையில் எடுத்த எலும்புகளை வைத்துத்தான் தன் மிகப் பெரிய குற்றச்சாட்டை அவர் வைத்தார்.

1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அந்த எலும்புக்கூடுகள் ஒவ்வொன்றும் எங்கே, எந்த நிலையில் கிடைத்தன என்று திரும்பப் படித்தார். எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. கோட்டை என்று சொல்லப்படும் மேட்டில் ஒன்றுகூட இல்லை. சண்டை நடந்ததற்கான ஆயுதங்கள் இல்லை, எரிந்த அடுக்கு இல்லை. பின்னர் எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடியும் படுகொலைக்கான தடயத்தைக் காணவில்லை. கடைசியில் வீலரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆனால் அதற்குள் கதை ஊருக்குள் போய்விட்டது. நம் மேடைகளில், பாடப்புத்தகங்களில், டீக்கடைகளில். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். கல்லூரி விடுதியில் அதை வைத்து ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பிலும் இதே கதி. படுகொலை நடக்கவில்லை என்று தெரிந்ததும், யாருமே வெளியிலிருந்து வரவில்லை என்று அவர்கள் ஒரே தாவாகத் தாவினார்கள். கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் ஸ்டெப்பி நிலத்து மக்களின் மரபணு தெற்காசியாவுக்குள் வந்து கலந்ததை 2019-இல் வெளிவந்த பழைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மக்கள் வந்தார்கள். மொகஞ்சதாரோ தெருவில் வாளால் வெட்டினார்கள் என்பதற்குத்தான் சான்று இல்லை. இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள். ஆனால் வீலரின் ஒரே காட்சி இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டது, பிரித்தெடுக்க நமக்கு முக்கால் நூற்றாண்டு ஆகிறது.

5

கிழக்கு வாசலில் உட்கார்ந்து கொண்டுவந்திருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். காற்றில் காகிதத் தட்டு பறந்தது. நண்பன் கேட்டான், "சரி, அப்ப இங்க செத்தவங்களை யாரு கொன்னது?"

1985-86-இல் நைல் ஷார்ப்பிள்ஸ் இங்கே மறுபடி அகழ்ந்தார். ரோமானியர் வருவதற்கு முன்பே கோட்டையின் பெரும்பகுதியை மக்கள் கைவிட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. சாம்பல் படலமும் ஊர் எரிந்ததால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கம் இரும்பு வேலை நடந்திருக்கிறது. சடலங்கள் அவசரத்தில் வீசப்படவில்லை, முறைப்படி புதைக்கப்பட்டிருந்தன. அவசரமாகப் புதைக்கிறவன் இறைச்சியும் கிண்ணமும் தேடி எடுத்து வைப்பானா?

2025 மே மாதத்தில் போர்ன்மத் பல்கலைக்கழகத்தின் மைல்ஸ் ரஸ்ஸல், மார்ட்டின் ஸ்மித் குழுவினர் அந்த எலும்புகளின் கரிமக் காலக்கணிப்பை வெளியிட்டார்கள். இறப்புகள் ஒரே நாளில் நடக்கவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி வரை, பல தலைமுறைகளாக, அலை அலையாக நடந்திருக்கின்றன. ரோமப் படை வருவதற்கு முன்பே. உள்ளூர் அதிகாரச் சண்டைகளில், தண்டனைகளில் செத்தவர்களாக இருக்கலாம் என்கிறார்கள். முதுகெலும்பில் நின்ற முனைகூட எந்திரம் எய்த அம்பா, கையால் எறிந்த ஈட்டியா என்பது இப்போது கேள்வியாகிவிட்டது.

"சொந்தக்காரனே வெட்டியிருக்கானா?" என்றான் நண்பன்.

"இருக்கலாம்."

"அது ஊர்ல நடக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

அதே 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் இன்னோர் ஆய்வு வந்தது. இதே டார்செட் வட்டாரத்தில் விண்டர்போர்ன் கிங்ஸ்டன் என்ற ஊரின் டூரோட்ரிகஸ் இடுகாட்டில் கிடைத்த எலும்புகளின் மரபணுவைப் படித்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒரே தாய்வழியில் வந்தவர்கள். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் ஆண்கள். அதாவது பெண்கள் பிறந்த ஊரிலேயே இருந்தார்கள், மணமாகி வந்தது மாப்பிள்ளைகள். பிரிட்டனில் பெண்கள் ஆண்டார்கள் என்று எழுதிய ரோமானியர்களை, காட்டுமிராண்டிகளைப் பற்றிய கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் இப்போது மறுபடி படிக்கிறார்கள். வீலரின் காட்சியில் இந்த மக்களுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது, ரோமானியர் கையில் சாவது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை திரும்ப வருகிறது. அதில் சண்டை இருக்கிறது, கொலை இருக்கிறது, பங்காளிப் பகை இருக்கிறது, மாமியார் வீட்டில் வாழும் மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

6

வீலரைக் குறை சொல்வது சுலபம். எனக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. காரணம் இருக்கிறது.

ஏழு வருடங்களுக்கு முன் பெங்களூரில் வேலை பார்த்தபோது எங்கள் அமைப்பில் சில ஆயிரம் பதிவுகளில் தொகை தவறாகிப்போனது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. காரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. கெட்டுப்போன முதல் பதிவில் நேரம் 21:43. அன்று இரவு 21:40-க்கு வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பையன் புது நிரலை ஏற்றியிருந்தான். மூன்று நிமிட இடைவெளி. இதைவிட என்ன வேண்டும்? அவன் நிரலில் தேடினேன். சந்தேகப்படும்படி ஒரு வரி கிடைத்தது. எந்த நிரலில்தான் கிடைக்காது? அழகான அறிக்கை எழுதினேன். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருந்தது. மேலாளர் பாராட்டினார். கூட்டத்தில் அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. அவனே அதை நம்பிவிட்டான் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வேறு எதையோ தேடும்போது கவனித்தேன். நிரல் ஏற்றிய பதிவேடு இந்திய நேரத்தில் இருந்தது. தரவுத்தளம் கிரீன்விச் நேரத்தில் இருந்தது. ஐந்தரை மணி நேர வித்தியாசம். கெட்டுப்போன முதல் பதிவு உண்மையில் விடிகாலை 3:13-க்கு எழுதப்பட்டது. மூன்று மணிக்கு ஓடும் தொகுப்பு வேலை ஒன்று உண்டு. அதை எழுதியவன் நான்.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தப் பையனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். ஆனால் இரண்டாவது அறிக்கையை யாரும் படிக்கவில்லை. அடுத்த வருடமும் ஒரு கூட்டத்தில் யாரோ அந்தச் சம்பவத்தை அவன் பெயரில்தான் சொன்னார்கள். நான் குறுக்கிட்டுத் திருத்தினேன். ஒரு நொடி அமைதி, பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. முதல் கதை நன்றாக இருந்தது, அதனால் தங்கிவிட்டது.

தேதிகள் கிட்டக்கிட்ட இருந்தால் மனம் கயிறு கட்டிவிடுகிறது. வீலரிடம் கரிமக் காலக்கணிப்பு இல்லை, 1940களின் இறுதியில்தான் அது வந்தது. அவர் கையில் இருந்த பானைகள் முப்பது நாற்பது வருடத் துல்லியத்தைத் தராது. அந்த இடைவெளியை ஒரு புத்தகத் தேதியால் நிரப்பினார். நானாவது மெத்தனத்தால் தவறினேன், பதிவேட்டின் தலைப்பிலேயே நேர மண்டலம் எழுதியிருந்தது.

ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சடலமும் எந்த இடத்தில், எந்த அடுக்கில், எப்படிப் படுத்திருந்தது என்று வரைந்துவைத்தார். படமெடுத்தார். எலும்புகளைப் பத்திரமாக அருங்காட்சியகத்தில் சேர்த்தார். கதையையும் சான்றையும் தனித்தனியாக வைத்தார். அதனால்தான் எண்பத்தெட்டு வருடம் கழித்து வேறு ஆட்கள் அவர் சான்றை வைத்தே அவர் கதையை மறுக்க முடிந்தது. அவர் முறை அவர் கதையைவிட நேர்மையானது. மொகஞ்சதாரோவில் அந்த முறையில் எடுக்காத எலும்புகளைப் பற்றி இனி யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

7

மாலை டார்செஸ்டர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த முதுகெலும்பு இருக்கிறது, இரும்பு முனையோடு. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. நண்பன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம் யார் எய்தது என்று கேட்டாள். அவர் சட்டென்று ரோமானியர்கள் என்றார். அவர் படித்த கதை.

ரயிலில் நண்பன் அவன் அம்மாவைக் கைபேசியில் அழைத்தான். சாப்பிட்டாயா, குளிருகிறதா எல்லாம் முடிந்தபிறகு, சின்ன வயதில் அரிக்கமேட்டில் பொறுக்கிவந்த மணிகள் இருக்கின்றனவா என்று கேட்டான். பீரோவில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறதாம்.

"எந்த இடத்துல எடுத்தேன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டான்.

அம்மா ஏதோ சொன்னார். அவன் சிரித்துவிட்டு வைத்தான். "மேட்டுலதாண்டா எடுத்தே, வேற எங்க எடுப்பேன்றாங்க."

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டிவிட்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "எந்த அடுக்குன்னு யாருக்குத் தெரியும்" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.